மெமரி மேப் செய்த கோப்பின் அளவை மாற்றுவது எப்படி: ஃபைல் பாயிண்டர் நகராமல்

மெமரி மேப் என்பது கோப்பை நினைவகத்தோடு இணைத்து, நினைவகம்போலவே படித்து எழுதுவது. அப்படி மேப் செய்த கோப்பைப் பெரிதாக்கியாயிற்று. பிழை எதுவும் வரவில்லை, மேப்பில் எழுதியதும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அதே கோப்பில் அடுத்து நடக்கும் ரீட் 0 பைட் என்று திரும்புகிறது. இல்லையென்றால், நடுவில் எங்கோ விழவேண்டிய ரைட் கோப்பின் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பிழையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மேப்பிங் நிரலையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இருக்காது. அளவை மாற்றிய இரண்டு வரி, ஃபைல் பாயிண்டரை, அதாவது அடுத்த ரீட் அல்லது ரைட் தொடங்கும் இடத்தின் குறியை, கோப்பின் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய் அங்கேயே விட்டிருக்கும்.

அளவை மாற்றுவதற்கு இரண்டு வகை அழைப்புகள் உண்டு. ஒன்று, புதிய அளவை எண்ணாகவே வாங்கிக்கொள்வது. மற்றொன்று, "பாயிண்டர் இப்போது நிற்கும் இடமே கோப்பின் முடிவு" என்று எடுத்துக்கொள்வது. முதல் வகையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழவே எழாது. எந்த இயங்குதளத்தில் எது முதல் வகை, எந்த வரிசையில் அழைக்க வேண்டும், பாயிண்டர் அசையாவிட்டாலும் எங்கே கால் இடறும் என்று பார்ப்போம்.

பாயிண்டர் யாருடையது

லினக்ஸிலும் பிற யூனிக்ஸ்களிலும், ஓப்பன் என்று அழைத்ததும் கெர்னலுக்குள் அந்தத் திறப்புக்கென ஒரு பதிவு உருவாகிறது. ஆஃப்செட், அதாவது பாயிண்டர் நிற்கும் இடத்தின் எண், அந்தப் பதிவில்தான் இருக்கிறது. நம் கையில் இருக்கும் 3, 4 போன்ற டிஸ்கிரிப்டர் எண் அந்தப் பதிவுக்கான சீட்டு மட்டுமே. டூப் அழைப்பில் பிரதி எடுத்துக் கிடைத்த எண்ணும், ஃபோர்க் அழைப்பில் பிராசஸைப் பிரதி எடுத்த பின் குழந்தை பிராசஸிடம் உள்ள எண்ணும் அதே பதிவைத்தான் காட்டுகின்றன. ஒன்றில் பாயிண்டரை நகர்த்தினால் எல்லாவற்றிலும் நகரும். விண்டோஸிலும் இதே கதைதான்: டூப்ளிகேட்ஹேண்டில் கொண்டு எடுத்த பிரதி, மூல ஹேண்டிலின் (டிஸ்கிரிப்டருக்கு விண்டோஸில் உள்ள இணை) பாயிண்டரையே பகிர்ந்துகொள்கிறது. "பிரதி எடுத்துவிட்டுத்தானே நகர்த்தினேன்" என்ற சமாதானம் எடுபடாது.

மேப் செய்யும் அழைப்பான எம்மேப் இந்த ஆஃப்செட்டைப் படிப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. எந்த இடத்திலிருந்து மேப் செய்ய வேண்டும் என்பதை நாம் தனியாகக் கொடுக்கிறோம். அந்த இடம் லினக்ஸில் பக்க அளவின் மடங்காக இருக்க வேண்டும். எக்ஸ்86-64 கணினிகளில் அது 4,096 பைட். விண்டோஸில் 65,536 பைட்டின் மடங்கு. பாயிண்டர் எங்கே நின்றாலும் மேப்புக்குக் கவலையில்லை.

லினக்ஸில் பெரிதாக்குதல்

பழைய நிரல்களில் அடிக்கடி தென்படும் தந்திரம் ஒன்று உண்டு. எல்சீக் செய்து புதிய அளவுக்கு ஒரு பைட் முன்னால் போய், ஒரு வெற்று பைட்டை எழுதிவிடுவது. கோப்பு நீளும், உண்மைதான். 10,48,576 பைட் கோப்பு. வேறொரு பகுதி அதை வரிசையாகப் படித்து 4,100-வது பைட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை 31,45,728 ஆக்க, 31,45,727-க்குத் தாவி ஒரு பைட் எழுதுகிறோம். பாயிண்டர் இப்போது 31,45,728-ல். படிக்கும் பகுதி 16 பைட் கேட்டால் கோப்பு முடிந்துவிட்டது என்ற பதில் வரும். அந்தப் பகுதியின் பார்வையில், முழுக் கோப்பில் நாலாயிரத்துச் சொச்சம் பைட்தான் இருந்தது!

இதற்கு மாற்று எஃப்டிரங்கேட். பெயரைப் பார்த்து வெட்டுவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், நீட்டவும் செய்யும். புதிய அளவை எண்ணாகக் கொடுக்கிறோம். ஆஃப்செட்டைத் தொடுவதில்லை என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையிலேயே உள்ளது. நீண்ட பகுதி சுழியமாகப் படிக்கப்படும். டிஸ்கிரிப்டர் எழுதும் உரிமையோடு திறக்கப்பட்டிருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

வரிசை முக்கியம்: முதலில் கோப்பை நீட்டுங்கள், பிறகு மேப்பை நீட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் நடுவில் ஒரு கணம் மேப் கோப்பைவிடப் பெரிதாக இருக்கும். அந்தக் கணத்தில் இன்னொரு த்ரெட் புதிய பகுதியைத் தொட்டால் சிக்பஸ் சிக்னல் வந்து பிராசஸ் விழும்.

மேப்பை நீட்ட லினக்ஸில் எம்ரீமேப் இருக்கிறது. பழைய முகவரி, பழைய அளவு, புதிய அளவு, கூடவே "தேவைப்பட்டால் இடம் மாறலாம்" என்ற மேமூவ் கொடி. கொடி கொடுக்காவிட்டால், பக்கத்தில் காலி முகவரி இல்லாதபோது ஈ-நோமெம் பிழை வரும். கொடி கொடுத்தால் முகவரி மாறக்கூடும். ஆகவே திரும்பிய முகவரியைப் பழைய மாறியில் நேராகப் போடாமல் தற்காலிக மாறியில் வாங்கி, தோல்வியா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். தோல்வியடைந்தால் பழைய மேப் அப்படியே உயிரோடு இருக்கும், அதன் முகவரியைத் தொலைத்துவிடக் கூடாது. தோல்விக்கான மதிப்பு நல் (வெற்று முகவரி) அல்ல, மேப்ஃபெய்ல்ட், அதாவது -1. நல்லோடு ஒப்பிட்டு ஏமாந்த நிரல்கள் ஏராளம்.

மேப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் எம்ப்ரொடெக்ட் கொண்டு அனுமதியை மாற்றியிருந்தால் கெர்னல் அதை இரண்டு துண்டாக வைத்திருக்கும். அந்த நிலையில் முழுவதையும் ஒரே எம்ரீமேப்பில் நீட்ட முடியாது, ஈ-ஃபால்ட் வரும். அனுமதியை ஒன்றாக்கிவிட்டு நீட்டுங்கள்.

மேக்ஓஎஸ்ஸில் எம்ரீமேப் கிடையாது. எம்அன்மேப் செய்துவிட்டுப் புதிய அளவில் மறுபடி எம்மேப் செய்ய வேண்டும். இதற்கும் பாயிண்டருக்கும் சம்பந்தம் இல்லை. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் பக்க அளவு 16,384 பைட் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 4,096 என்று நிரலில் எழுதி வைத்திருந்தால் ஆஃப்செட் மடங்கு தவறி, மேப்பிங் தோற்கும். பக்க அளவை எப்போதும் கணினியிடமே கேளுங்கள்.

இடம் உண்மையிலேயே இருக்கிறதா

எஃப்டிரங்கேட் நீட்டும் பகுதி பெரும்பாலான கோப்பு முறைமைகளில் வெறும் ஓட்டை. அளவு கூடியதாகக் காட்டும், வட்டில் இடம் ஒதுக்கப்பட்டிருக்காது. மேப் வழியாக அந்தப் பக்கத்தில் எழுதும்போதுதான் இடம் தேடப்படும். வட்டு நிரம்பியிருந்தால் ரைட் அழைப்பைப் போல நயமாகப் பிழை எண் தர வழியில்லை, ஏனென்றால் அங்கே அழைப்பே இல்லை. வெறும் நினைவக எழுத்து அது. எனவே சிக்பஸ்.

இதைத் தவிர்க்க போசிக்ஸ்-எஃப்அலோகேட் பயன்படுத்துங்கள். தொடக்கம், நீளம் இரண்டையும் கொடுத்தால் இடத்தை உண்மையாகவே ஒதுக்கி, தேவையானால் கோப்பின் அளவையும் கூட்டும். பாயிண்டர் அசையாது. இடம் இல்லையென்றால் ஈ-நோஸ்பிசி பிழை அங்கேயே கிடைக்கும், மேப்பைத் தொடாமலே பின்வாங்கலாம். ஒரு நுணுக்கம்: இது பிழையை, வழக்கமாகப் பிழை எண் வைக்கப்படும் எர்ர்நோ மாறியில் வைப்பதில்லை, திரும்பும் மதிப்பாகவே தருகிறது. -1 வருகிறதா என்று சோதிக்கும் நிரல் எந்தத் தோல்வியையும் பிடிக்காது. மேக்ஓஎஸ்ஸில் இந்த அழைப்பு இல்லை. எஃப்கன்ட்ரோலில் எஃப்-ப்ரீஅலோகேட் கட்டளை கொடுத்து இடம் பிடித்தபின், அளவை எஃப்டிரங்கேட் கொண்டு கூட்ட வேண்டும்.

சிறிதாக்குதல்

இங்கே வரிசை தலைகீழ்: முதலில் மேப்பைக் குறுக்குங்கள், பிறகு கோப்பை வெட்டுங்கள். கோப்பை முதலில் வெட்டினால், மேப்பின் வால்பகுதி கோப்பில்லாத வெற்றிடத்தைக் காட்டி நிற்கும்.

அந்த வெற்றிடம் எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோப்பு 5,000 பைட், பக்கம் 4,096, மேப் 12,288 பைட் என்று வையுங்கள். 5,000 முதல் 8,191 வரை படித்தால் பொதுவாகச் சுழியம் வரும், எழுதினாலும் சத்தம் வராது. ஆனால் எழுதியது கோப்பில் சேராது. 8,192-வது பைட்டைத் தொட்ட மறுகணம் சிக்பஸ். எல்லையைச் சில பைட் தாண்டும் பிழை சோதனைகளில் மாதக்கணக்கில் தப்பித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இன்னொரு பிராசஸ் அதே கோப்பை மேப் செய்திருந்தால் நாம் எவ்வளவு ஒழுங்காக வரிசை பார்த்தாலும் போதாது. நாம் வெட்டினால் அது விழும். பகிரப்படும் கோப்பை ஓடும்போது வெட்டாமல் இருப்பதே நல்லது. பயன்பாட்டிலுள்ள உண்மையான நீளத்தைத் தலைப்பகுதியில் 8 பைட் எண்ணாக வைத்துக்கொண்டு, கடைசியாக மூடும் பிராசஸ் மட்டும் வெட்டட்டும்.

விண்டோஸில்

பாயிண்டர் பிரச்சினை அதிகம் வருவது இங்கேதான், காரணம் அளவை மாற்றும் பழக்கப்பட்ட வழியே இரண்டாம் வகை. செட்எண்ட்ஆஃப்ஃபைல் அளவை வாங்கிக்கொள்வதில்லை; பாயிண்டர் நிற்கும் இடத்தையே முடிவாக்குகிறது. அதனால் அதற்கு முன் பாயிண்டரை நகர்த்தும் செட்ஃபைல்பாயிண்டர்-எக்ஸ் கட்டாயமாகிறது. பாயிண்டர் போன இடத்திலேயே நிற்கும்.

விஸ்டாவிலிருந்து இதற்குச் சரியான மாற்று இருக்கிறது. செட்ஃபைல்இன்ஃபர்மேஷன்பைஹேண்டில் என்ற அழைப்பில் ஃபைல்எண்ட்ஆஃப்ஃபைல்இன்ஃபோ வகையைக் கொடுத்து, கூடவே 64 பிட் எண் ஒன்றே ஒன்று உள்ள கட்டமைப்பில் புதிய அளவை வைத்து அனுப்புங்கள். பாயிண்டர் தொடப்படாது. இரண்டு அழைப்பு ஒன்றாகிவிட்டது, இடையில் வேறு த்ரெட் நுழையும் சந்தும் அடைபட்டது. பெயர் ஒத்த ஃபைல்அலோகேஷன்இன்ஃபோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒதுக்கீட்டைப் பற்றியது, பெரிதாக்கும்போது கோப்பின் முடிவை நகர்த்தாது.

அளவை மாற்றுமுன் அன்மேப்வியூஆஃப்ஃபைல் கொண்டு எல்லா வியூக்களையும் (நினைவகத்தில் தெரியும் மேப் பகுதிகள்) விடுவியுங்கள். மேப்பிங் ஹேண்டிலையும் குளோஸ்ஹேண்டில் கொண்டு மூடுங்கள். இரண்டும் வேண்டும், ஒன்றை விட்டாலும் மேப்பிங் உயிரோடு இருக்கும். அந்த நிலையில் கோப்பைக் குறுக்கப் பார்த்தால் பிழை எண் 1224 வரும்: யாரோ மேப் செய்து வைத்திருக்கும் கோப்பு என்று பொருள். அந்த "யாரோ" வேறொரு பிராசஸாகவும் இருக்கலாம். விடுவித்த பிறகு அளவை மாற்றி, கிரியேட்ஃபைல்மேப்பிங், மேப்வியூஆஃப்ஃபைல் என்று மறுபடி கட்டுங்கள்.

பெரிதாக்குவது மட்டும்தான் வேலை என்றால் அளவை மாற்றும் அழைப்பே தேவையில்லை. எழுதும் அனுமதியோடு கிரியேட்ஃபைல்மேப்பிங்குக்குக் கோப்பைவிடப் பெரிய அளவைக் கொடுத்தால், அதுவே கோப்பை நீட்டிவிடும், பாயிண்டரும் நகராது. வட்டில் இடம் இல்லையென்றால் பிழை 112. நீண்ட பகுதியில் சுழியம்தான் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, அது கோப்பு முறைமையைப் பொறுத்தது. சுழியத்தை நம்பும் வடிவமைப்பென்றால் நீங்களே நிரப்பிவிடுங்கள். அளவை மேல் 32 பிட், கீழ் 32 பிட் என இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மேல் பகுதியை 0 என்று எழுதி விட்டுவிட்டால் 4 ஜிபி தாண்டும் நாளில் கோளாறு தெரியும். வெற்றுக் கோப்பை அளவு 0 கொடுத்து மேப் செய்தால் பிழை 1006.

சேமித்து மீட்பது, கடைசி வழியாக

பழைய நிரலையோ மூலம் மாற்ற முடியாத நூலகத்தையோ கட்டிக்கொண்டு அழவேண்டியிருந்தால், பாயிண்டரைக் குறித்து வைத்துக்கொண்டு வேலை முடிந்ததும் திரும்ப வைக்கலாம். லினக்ஸில் எல்சீக்கில் தூரம் 0, தொடக்கம் "இப்போதைய இடம்" என்றால் தற்போதைய ஆஃப்செட் கிடைக்கும். விண்டோஸில் செட்ஃபைல்பாயிண்டர்-எக்ஸ்ஸில் இதையே செய்யலாம். பழைய செட்ஃபைல்பாயிண்டர் வேண்டாம்: அதில் 0xFFFFFFFF என்று திரும்பினால் அது பிழையா, உண்மையான ஆஃப்செட்டின் கீழ்ப்பகுதியா என்று மறுபடி கேட்டுத் தெளிய வேண்டும்.

பிழை வந்து வெளியேறும் பாதைகளிலும் மீட்பு நடக்க வேண்டும், இது எளிதில் விட்டுப்போகும். பூட்டு இல்லாமல் பல த்ரெட் ஒரே ஹேண்டிலைப் பயன்படுத்தினால் இந்த முறை பாதுகாப்பானதல்ல. நாம் குறித்ததற்கும் மீட்டதற்கும் நடுவில் ஒருவர் 512 பைட் படித்திருந்தால், நாம் மீட்பது காலாவதியான இடம்.

தனித் திறப்பு இதைவிட மேல். அதே கோப்பை மேப்புக்கென்று இன்னொரு முறை ஓப்பன் செய்யுங்கள். டூப் அல்ல, புதிய ஓப்பன். அதற்கென்று தனி ஆஃப்செட் உண்டு, அதை நூலகம் எங்கே இழுத்துப் போட்டாலும் நம்முடையது நின்ற இடத்தில் நிற்கும். விண்டோஸில் இரண்டு திறப்புகளும் படிக்க, எழுதப் பகிரும் அனுமதியோடு இருக்க வேண்டும். லினக்ஸில் வேறொரு பொறி: அந்தக் கோப்பில் எஃப்கன்ட்ரோல் பூட்டு போட்டிருந்தால், அதே பிராசஸ் அந்தக் கோப்பின் எந்த டிஸ்கிரிப்டரை மூடினாலும் எல்லாப் பூட்டும் கழன்றுவிடும். மேப்புக்காகத் திறந்ததை மூடினோம், பூட்டு போனதே தெரியவில்லை என்று ஆகும். அந்த டிஸ்கிரிப்டரைக் கடைசிவரை மூடாமல் வைத்திருங்கள், அல்லது லினக்ஸ் 3.15 முதல் உள்ள, பிராசஸுக்கு அல்லாமல் அந்தந்தத் திறப்புக்கே உரிய ஓஎஃப்டி பூட்டுக்கு மாறுங்கள்.

மொழிவாரியாக

பைத்தானின் எம்மேப் பொருளில் ரீசைஸ் இருக்கிறது. லினக்ஸில் அது உள்ளே எஃப்டிரங்கேட், எம்ரீமேப் என்று போவதால் பாயிண்டருக்குச் சேதமில்லை. விண்டோஸில் செட்ஃபைல்பாயிண்டர்-எக்ஸ், செட்எண்ட்ஆஃப்ஃபைல் ஜோடியை அழைக்கிறது. பைத்தான் வைத்திருப்பது டூப்ளிகேட்ஹேண்டில் பிரதி என்பதால் உங்கள் கோப்பின் பாயிண்டரும் சேர்ந்தே நகரும். எம்ரீமேப் இல்லாத மேக்ஓஎஸ்ஸில் ரீசைஸ் வேலை செய்யாது, சிஸ்டம்எர்ரர் வரும். மெமரிவியூ (பைட்களைப் பிரதி எடுக்காமல் காட்டும் பொருள்) எதுவும் அந்த மேப்பைப் பிடித்திருந்தால் பஃபர்எர்ரர். 3.13-ல் வந்த ட்ராக்எஃப்டி அளவுருவை ஃபால்ஸ் என்று வைத்தாலும் ரீசைஸ் தோற்கும்.

விண்டோஸில் மீட்கும்போது கோப்புப் பொருளின் டெல் (இடத்தைச் சொல்வது), சீக் (இடத்துக்கு நகர்த்துவது) ஜோடியை நம்ப வேண்டாம். பஃபருடன் திறந்த கோப்பில், கேட்ட இடம் ஏற்கெனவே பஃபருக்குள் இருந்தால் சீக் கெர்னல்வரை போகாமலே வெற்றி என்று சொல்லிவிடும். பாயிண்டர் வாலிலேயே கிடக்கும், பஃபர் தீர்ந்தபின்தான் குட்டு வெளிப்படும். முதலில் ஃபிளஷ் செய்துவிட்டு, ஓஎஸ் தொகுதியின் எல்சீக் கொண்டு இடத்தைக் குறித்து, ரீசைஸ் முடிந்ததும் அதே எல்சீக் கொண்டு மீட்டெடுங்கள். எம்மேப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு சீக், டெல் உண்டு. அது கோப்பின் பாயிண்டர் அல்ல.

ரஸ்டின் செட்-லென், கோவின் டிரங்கேட் இரண்டும் பாயிண்டரை விட்டுவிடும். ஜாவா வேறு மாதிரி: ஃபைல்சேனலின் டிரங்கேட்டோ, ரேண்டம்ஆக்சஸ்ஃபைலின் செட்லென்த்தோ கோப்பைக் குறுக்கும்போது, பாயிண்டர் புதிய முடிவைத் தாண்டி நின்றால் அதை முடிவுக்கு இழுத்துவிடும். பெரிதாக்க மட்டும் வேண்டுமென்றால் ஃபைல்சேனலின் மேப்பை எழுதும் முறையில் பெரிய அளவோடு அழைத்தாலே கோப்பு நீளும். மேப்டுபைட்பஃபர் ஒன்றின் வரம்பு 2 ஜிபி.

அசையாமல் நின்றாலும் வரும் தொல்லை

பாயிண்டர் நகரவில்லை என்பதற்காக அது செல்லுபடியாகும் இடத்தில் நிற்கிறது என்று ஆகாது. 9,000-ல் நிற்கும்போது கோப்பை 5,000-க்கு வெட்டினால் பாயிண்டர் 9,000-லேயே இருக்கும். ரீட் 0 தரும், ரைட் 5,000 முதல் 9,000 வரை சுழியத்தை நிரப்பிக் கோப்பை மறுபடி நீட்டிவிடும். குறுக்கும்போது மட்டும் பாயிண்டரைப் புதிய அளவோடு ஒப்பிட்டு, என்ன செய்வதென்று நீங்களே முடிவெடுங்கள்.

சேர்த்தெழுதும் முறையில் திறந்த கோப்பு இன்னொரு வில்லங்கம். அங்கே ஒவ்வொரு ரைட்டும் கோப்பின் முடிவில்தான் விழும். மேப்புக்காக முன்கூட்டியே 64 எம்பி நீட்டி வைத்திருந்தால் அடுத்த பதிவு அந்த வெற்றுப் பகுதிக்கு அப்பால் போகும். பாயிண்டரைத் தொடாமல் எழுத உதவும் பி-ரைட்டும் இங்கே கைகொடுக்காது. லினக்ஸில் சேர்த்தெழுதும் முறையில் அது கொடுத்த இடத்தைப் புறக்கணித்துவிட்டு முடிவில்தான் எழுதும். மற்றபடி, மேப்போடு சாதாரண ரீட், ரைட்டையும் கலக்கும் நிரலில் பி-ரீட், பி-ரைட் இரண்டுக்கும் மாறிவிடுவது நல்ல பழக்கம். ஆஃப்செட்டையே பயன்படுத்தாத நிரலுக்கு ஆஃப்செட் கெடாது.

மேப்பின் முகவரி மாறக்கூடும் என்பதால், கோப்புக்குள்ளும் நிரலுக்குள்ளும் முகவரிகளைச் சேமிக்காமல், மேப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் என்ற தூரத்தைச் சேமியுங்கள். அளவை மாற்றும் நேரத்தில் வேறு த்ரெட் மேப்பைப் படிக்காதபடி, படிப்பவர்களுக்கும் எழுதுபவருக்குமான பூட்டு ஒன்று அவசியம். ஒவ்வொரு பதிவுக்கும் நீட்டாமல், இருப்பதைப் போல் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ நீட்டினால் இந்தப் பூட்டுச் செலவு குறையும்.

சோதித்துப் பார்க்க

லினக்ஸில் நிரல் ஓடும்போதே, ப்ராக் அடைவில் அந்தப் பிராசஸ் எண்ணுக்குக் கீழே உள்ள எஃப்டிஇன்ஃபோவில் டிஸ்கிரிப்டர் எண்ணின் பெயரிலுள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் "பாஸ்" என்பதற்கு எதிரே இருப்பதுதான் ஆஃப்செட். யார் நகர்த்துகிறார்கள் என்று தெரியாவிட்டால் கெர்னல் அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் கருவியில் எல்சீக் அழைப்புகளை மட்டும் வடிகட்டி ஓடவிடுங்கள்.

தானியங்கிச் சோதனைக்குப் பாயிண்டரை 0-விலோ முடிவிலோ வைக்காதீர்கள். 0-வில் வைத்தால், யாராவது தொடக்கத்துக்குத் திருப்பி வைத்திருந்தாலும் சோதனை தேறிவிடும். 4,100 போல எந்த எல்லையிலும் சேராத எண்ணாக இருக்கட்டும். அந்த இடத்தில் தெரிந்த 16 பைட்டை எழுதி வையுங்கள். பெரிதாக்கியபின் ஒருமுறை, குறுக்கியபின் ஒருமுறை, வேண்டுமென்றே தோற்கவைத்தபின் ஒருமுறை என ஆஃப்செட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் சாதாரண ரீட்டில் அந்த 16 பைட் வருகிறதா என்று பார்த்து, அடுத்த சுற்றுக்குமுன் பாயிண்டரை 4,100-க்குத் திருப்புங்கள். தோற்கவைக்க, லினக்ஸில் சில எம்பி மட்டுமே கொள்ளும் டெம்ப்எஃப்எஸ் (நினைவகத்தில் இயங்கும் கோப்பு முறைமை) ஒன்றை மவுண்ட் செய்து அதைவிடப் பெரிய அளவுக்கு இடம் ஒதுக்கச் சொல்லலாம். விண்டோஸில் இன்னொரு வியூவைத் திறந்து வைத்துக்கொண்டு குறுக்கினால் 1224 கைமேல் கிடைக்கும்.